மணலில் நடக்கக் கம்பு எதற்கு? இராமநாதபுரம் கரையில் நடக்கத் தொடங்குபவர்களுக்கு

அரியமான் கடற்கரையில் முதன்முதலாக இரண்டு டிரெக்கிங் கம்புகளை ஊன்றிக்கொண்டு நடந்தபோது, படகு நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னண்ணே, ரெண்டு கம்போட போறிய, ஆடு எங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். எங்கள் மாவட்டத்தில் ஒருவர் கம்போடு வெட்டவெளியில் போனால் பின்னால் ஆட்டுக்கிடை வருகிறது என்றுதான் அர்த்தம். ஆடு மேய்க்கும் அந்தக் கீதாரிகள்கூடக் கம்பை ஊன்றி நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பிடரியில் குறுக்கே போட்டு இரண்டு கைகளையும் அதன்மேல் தொங்கவிட்டிருப்பார்கள். இல்லையென்றால் நின்ற இடத்தில் அதில் சாய்ந்திருப்பார்கள். நாள் முழுக்க நடக்கிறவர்களே ஊன்றாத கம்பை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் நடக்கிறவன் எதற்கு ஊன்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. அன்று நான் நடந்தது அலை நனைத்து இறுகிப்போன ஈர மணலில். அங்கே கம்புக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அதே கம்புகள் தனுஷ்கோடியின் உதிர் மணலில் எனக்கு உதவியிருக்கின்றன. தேவிபட்டினம் பக்கத்துச் சேற்றில் ஒரே ஒரு கம்பு என்னை முழங்கால் வரை புதையாமல் காப்பாற்றியிருக்கிறது. சதுரகிரி இறக்கத்தில் கம்பில்லாமல் இறங்கிவிட்டு இரண்டு வாரம் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கியதும் நான்தான். அதனால் 'கம்பு வேண்டுமா' என்று யாராவது கேட்டால் 'எந்தத் தரையில்' என்று திருப்பிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

கம்பு என்ன செய்யும், என்ன செய்யாது

இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடல் எடை முழுவதும் முன்காலின் முழங்காலில் போய் விழுகிறது. கம்பை முன்னால் ஊன்றினால் அதில் ஒரு பங்கு கைக்கும் தோளுக்கும் மாறுகிறது. கம்பின் பெரிய பலன் இதுதான். இரண்டாவது பலன் நிதானம். வழுக்கும் பாறை, ஓடும் தண்ணீர், புதையும் மணல் ஆகியவற்றில் இரண்டு காலுக்குப் பதில் மூன்று நான்கு இடங்களில் தரையைத் தொட்டு நிற்கிறீர்கள்.

செய்யாதது என்னவென்றால், களைப்பை மாயமாகப் போக்காது. சமதரையில் கம்போடு நடந்தால் கையும் தோளும் சேர்ந்து உழைப்பதால் மூச்சு கொஞ்சம் கூடத்தான் வாங்கும். உடற்பயிற்சிக்காக நடப்பவருக்கு அது லாபம். பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டியவருக்கு வீண் செலவு. அப்புறம் கை இரண்டும் அடைபட்டுப் போகும். தண்ணீர் பாட்டிலை எடுக்கவும், பறக்கும் தொப்பியைப் பிடிக்கவும், போட்டோ எடுக்கவும் ஒவ்வொரு முறையும் கம்பைக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரையில் நடந்தவர்களுக்குத் தொப்பிப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

முதலில் காசு செலவழிக்காதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர் செய்கிற தவறு, நடப்பதற்கு முன்பே சாமான் வாங்குவது. நான் அப்படித்தான் ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டேன் (அந்தக் கதை கடைசியில்). முதல் நான்கைந்து நடைகளுக்கு ஒரு மூங்கில் கழி போதும். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் மூங்கில் கம்புதான் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அங்கே போய் வந்த ஒருவர் கதவுக்குப் பின்னால் அதைச் சாத்தி வைத்திருப்பார். கேட்டு வாங்குங்கள்.

பார்க்க வேண்டியது மூன்று. நேராக இருக்க வேண்டும். நெஞ்சு உயரம் இருந்தால் நல்லது, நீளமானால் அறுத்துக்கொள்ளலாம். கணுக்கள் கையைக் குத்தாமல் செதுக்கியிருக்க வேண்டும். பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிக் கட்டினால் வியர்வையில் வழுக்காது.

மணலுக்கு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. மூங்கில் முனை உதிர் மணலில் ஒரு முழம் உள்ளே போய்விடும். அறுந்துபோன ஹவாய் செருப்பிலிருந்து உள்ளங்கை அகல வட்டம் ஒன்று வெட்டி, நடுவில் கம்பின் தடிமனைவிடச் சற்றுச் சின்னதாக ஓட்டை போட்டு, முனையிலிருந்து நான்கு விரல் மேலே இறுக்கமாக ஏற்றிவிடுங்கள். சின்ன வயதில் இதே செருப்பில் வண்டிச் சக்கரம் வெட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. கடைக் கம்புகளில் பாஸ்கெட் என்று ஒரு பிளாஸ்டிக் தட்டு வருமே, அதன் வேலையை இது செய்யும்.

வாங்குவதாக இருந்தால்

நான்கைந்து நடைக்குப் பிறகும் கம்பு பிடித்திருந்தால், அல்லது மலைப் பயணம் ஏதாவது மனதில் இருந்தால், வாங்குங்கள். கடலோரத்து ஆளுக்கு என்று சில கணக்குகள் உண்டு.

பூட்டு இரண்டு வகை. ஒன்று, குழாயைத் திருகி இறுக்குவது. இன்னொன்று, வெளியே ஒரு கொண்டியை மடக்கி இறுக்குவது. எங்கள் கரைக்குக் கொண்டிப் பூட்டுதான் சரி. திருகு பூட்டுக்குள் மணல் போனால் ஒன்று இறுகாது, இல்லை கழலாது. கொண்டிப் பூட்டில் கோளாறு வந்தாலும் அது வெளியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியும். சின்னத் திருகாணியைக் கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடும்.

குழாய் செய்யும் பொருளில் அலுமினியம், கார்பன் என்று இரண்டு. கார்பன் எடை குறைவு, விலை அதிகம். பாறை இடுக்கில் மாட்டி வளைத்துவிட்டால் அலுமினியம் வளையும், கார்பன் படக்கென்று முறிந்துவிடும். வளைந்த கம்பை ஊன்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். தொடங்குகிறவருக்கு அலுமினியமே போதும்.

பிடி கார்க்கிலோ ஸ்பாஞ்சிலோ இருந்தால் நல்லது. கெட்டி ரப்பர் பிடி எங்கள் ஊர் வியர்வையில் அரை மணி நேரத்தில் உள்ளங்கையைக் கொப்புளமாக்கும். முனையில் கெட்டியான உலோகக் கூர் இருக்கும், அதன்மேல் மாட்ட ரப்பர் தொப்பி ஒரு ஜோடி தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள். தட்டில் சின்னது, பெரியது இரண்டும் கிடைத்தால் பெரியதையும் வாங்குங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் பனியில் புதையாமல் இருக்க அதை மாட்டுகிறார்கள். நமக்கு மணலுக்கு ஆகும்.

ஷாக் அப்சார்பர், திசைகாட்டி, டார்ச் எல்லாம் வைத்து விற்பார்கள். தேவையில்லை.

உயரம் வைப்பது

செருப்போ ஷூவோ, எதைப் போட்டு நடப்பீர்களோ அதைப் போட்டுக்கொண்டு சமதரையில் நில்லுங்கள். கம்பின் முனையைப் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றிப் பிடியைப் பிடியுங்கள். முழங்கை எழுத்து 'ட' மாதிரி செங்கோணமாக மடிந்தால் அதுதான் உங்கள் நீளம். ஐந்தரை அடி ஆளுக்கு ஏறத்தாழ 110 முதல் 115 செ.மீ. வரும். கம்பில் செ.மீ. கோடுகள் போட்டிருக்கும், உங்கள் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் 'ஸ்டாப்' என்று ஒரு கோடு இருக்கும். அதற்கு மேல் இழுத்தால் பூட்டு பிடிக்க இடமிருக்காது, உடல் எடை போடும்போது கம்பு உள்ளே சரியும்.

ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். மணலில் முனை கொஞ்சம் புதையும் என்பதால் நான் இரண்டு மூன்று செ.மீ. கூட்டி வைப்பது வழக்கம்.

வாருக்குள் கை

பிடியின் உச்சியில் தொங்கும் வாரை எல்லோரும் கைக்கடிகாரம் மாதிரி மேலிருந்து மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி மாட்டினால் அது அலங்காரம்தான். கையை வாருக்குக் கீழே கொண்டுபோய், அடியிலிருந்து மேலாக நுழைத்து, பிறகு வாரையும் சேர்த்துப் பிடியைப் பிடியுங்கள். இப்போது மணிக்கட்டை அழுத்தினால் எடை வாரில் இறங்கும். விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, சும்மா வழிகாட்டினால் போதும். ஒரு மணி நேரம் நடந்தபின் விரல் மூட்டு வலித்தால் வாரைத் தப்பாக மாட்டியிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: தண்ணீருக்குள்ளும் சேற்றிலும் கல் இடுக்குகளிலும் வாரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். கம்பு எங்காவது மாட்டிக்கொண்டால் விட்டுவிட முடிய வேண்டும். நான் ஒருமுறை மாட்டின கம்போடு சேர்ந்து கவிழ்ந்திருக்கிறேன். முழங்கால் ஆழத் தண்ணீர்தான், மானம்தான் நனைந்தது. ஆனாலும் விழும்போது கை திரும்பினால் மணிக்கட்டு போய்விடும்.

நடை பழகுவது: ஈர மணல்தான் வாத்தியார்

ஈர மணலில் கம்புக்கு வேலை இல்லை என்று சொன்னேன். நடைக்கு இல்லை, பழகுவதற்கு உண்டு. அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, ஏனென்றால் நீங்கள் செய்கிற ஒவ்வொரு தப்பையும் அது எழுதி வைத்துவிடும்.

அரியமான் பக்கம் போங்கள். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், உச்சிப்புளியைத் தாண்டி வடக்கே திரும்ப வேண்டும். பாக் நீரிணை பக்கத்துக் கடல் என்பதால் பெரிய அலை இருக்காது. கரையில் சவுக்கு நிழல் உண்டு. வாடை மாதங்களைத் தவிர்த்து எந்தக் காலையிலும் போகலாம்.

முதலில் கம்புகளைப் பிடிக்காமல், வாரில் கையை மட்டும் மாட்டி, முனைகள் பின்னால் மணலில் கோடு இழுக்கும்படி சும்மா நடங்கள். நூறு அடி. கையை எப்போதும் போல வீசுங்கள். வலது கால் போகும்போது இடது கை முன்னால் போகும். இது யாரும் சொல்லித் தராமல் எல்லோருக்கும் வருவது. கம்பைப் பிடித்தவுடன் மறந்துபோவதும் இதுதான். முதல் முறை பிடித்தவர்கள் பாதிப் பேர் வலது கால், வலது கை என்று பொம்மை மாதிரி நடப்பார்கள். அப்படி ஆனால் நின்று, மறுபடி முனைகளை இழுத்துக்கொண்டு நூறு அடி போங்கள். கை தன் தாளத்துக்குத் திரும்பியதும், அது முன்னால் வரும் நேரத்தில் மெதுவாகப் பிடித்து ஊன்றுங்கள்.

இப்போது ஒரு ஐம்பது அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். கம்புக் குழிகளும் கால் தடங்களும் வரிசையாக இருக்கும். குழி எதிர்க்காலின் குதிகால் பக்கத்தில், அதே வரிசையில் விழுந்திருந்தால் சரி. பெருவிரலுக்கும் முன்னால் விழுந்திருந்தால் கையை எட்டி நீட்டுகிறீர்கள். கம்பு உங்களை உந்தாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. குழி வட்டமாக இல்லாமல் நீளக் கீறலாக இருந்தால் முனை இழுபடுகிறது, கம்பு நீளம் அதிகம் அல்லது தூக்கி வைக்கச் சோம்பல். ஒரு பக்கக் குழி மட்டும் ஆழமாக இருந்தால் அந்தக் கையில் சாய்கிறீர்கள் என்று அர்த்தம். எதிர்க்கால் முழங்காலில் வலி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு என் இடது முழங்கால் பிரச்சினை தெரிய வந்தது இப்படித்தான். டாக்டர் பிறகுதான்.

இனி, தரை தரையாக

*ஈர மணல்.* பழகி முடித்ததும் கம்புகளைச் சுருக்கிப் பைக்குள் வையுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அலை விளிம்பு எப்போதும் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் கடல் பக்கக் கால் எப்போதும் பள்ளத்தில். கணுக்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். ஒரு வழி மட்டும் போகிறவர்கள், கடல் பக்கக் கம்பை மற்றதைவிட ஐந்து செ.மீ. நீட்டி வைத்துக்கொண்டால் உடம்பு நேராக நிற்கும்.

*உதிர் மணல்.* தனுஷ்கோடிதான் இதற்குப் பெயர் போன இடம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு போட்டு 2017-இல் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பிலும் வேனிலும் குலுங்கிக்கொண்டு போனது பலருக்கு நினைவிருக்கும். ரோட்டிலேயே நடப்பதானால் கம்பு வேண்டாம். ரோட்டை விட்டு இறங்கிப் பழைய ஊரின் இடிபாடுகளுக்கு நடுவே, 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சர்ச் சுவரையும் ரயில் நிலைய மிச்சத்தையும் பார்த்துக்கொண்டு மணலில் சுற்றுவதானால் வேண்டும்.

உதிர் மணலில் கால் வைத்து உந்தினால் மணல் பின்னால் சரிகிறது. அடி முக்கால்தான் முன்னேறுகிறது. இங்கே கம்பை முன்னால் ஊன்றுவதில் பயனில்லை. இடுப்புக்குப் பின்னால் சாய்வாக ஊன்றி உந்த வேண்டும். பெரிய தட்டு கட்டாயம். அடியைச் சின்னதாக வைத்து, பாதத்தை முழுவதும் ஒரே நேரத்தில் பதியுங்கள். முன்னால் போனவர் தடத்திலேயே கால் வைத்தால் பாதி உழைப்பு மிச்சம். அங்கே மணல் ஏற்கனவே இறுகியிருக்கும். குழுவாகப் போனால் ஆள் மாற்றி ஆள் முன்னால் போங்கள்.

அங்கே நிழல் கிடையாது. காலை ஒன்பதுக்குள் திரும்பும் கணக்கில் கிளம்புங்கள், குடிக்க ஆளுக்கு இரண்டு லிட்டராவது கொண்டுபோங்கள். மாலைக்கு மேல் சத்திரத்துக்கு அப்பால் இருக்க விட மாட்டார்கள். கம்பை நம்பித் தண்ணீருக்குள் இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

*சேறும் ஆழமில்லாத தண்ணீரும்.* மண்டபத்துக்கு மேற்கே, வடக்குக் கரையில் தேவிபட்டினம், மோர்ப்பண்ணை, தொண்டி என்று போகப் போக மணல் குறைந்து சேறு கூடும். இங்கே இரண்டு கம்பு தொல்லை, ஒன்று போதும். கடைக் கம்பைவிட மூங்கில் நல்லது. அதை ஊன்றுவதற்கு என்று நினைக்காமல், தடவிப் பார்ப்பதற்கு என்று நினையுங்கள். அடுத்த அடி வைக்கும் இடத்தில் முதலில் கம்பால் அழுத்துங்கள். ஒரு சாண் போய் நின்றால் கால் வைக்கலாம். அழுத்தாமலே இறங்கிக்கொண்டு போனால் அது உளை, அதாவது புதைசேறு. வேறு வழி பாருங்கள். புதைந்த கம்பைச் செங்குத்தாக வெடுக்கென்று இழுக்காதீர்கள். சுற்றிலும் ஆட்டி, தண்ணீர் உள்ளே போக வழி விட்டு எடுங்கள். புதைந்த காலுக்கும் அதே முறைதான்.

கரை ஒதுங்கிக் கிடக்கும் கடல்புல் குவியல்மேல் நடக்கும்போதும் கம்பால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறுங்கள். மேலே மெத்தை மாதிரி காய்ந்திருக்கும், அடியில் அழுகி வழுக்கும்.

தண்ணீருக்குள் போவதானால் மீன்பிடிக்கிறவர்கள் சொல்லும் பழைய பாடம் உண்டு: காலைத் தூக்கி வைக்காதே, தரையை உரசிக்கொண்டே போ. மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும் திருக்கையின் மேல் மிதித்தால்தான் அது வாலால் அடிக்கும். கால் உரசி வரும் அதிர்வு தெரிந்தால் தானே விலகிப் போய்விடும். கம்பை முன்னால் தட்டிக்கொண்டே போவது அதே வேலையை இன்னும் ஒரு மீட்டர் முன்னதாகச் செய்கிறது. குத்த வேண்டாம், தட்டினால் போதும்.

*முள்.* ரோட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் உடை மரத்துக்கும் சீமைக்கருவேலத்துக்கும் நடுவில்தான் போகும். குறுக்கே சாயும் கிளையை ஒதுக்கக் கம்பு நல்ல கை. மணல் மேட்டில் பந்து பந்தாக இருக்கும் இராவணன் மீசையைச் சுற்றிப் போவது உத்தமம், அதன் முனை துணியையும் துளைத்துக்கொண்டு குத்தும். ஹவாய் செருப்பு இந்தப் பாதைக்கு ஆகாது. கருவேல முள் அடியில் நுழைந்து மேலே எட்டிப் பார்க்கும்.

*ரோடும் சிமெண்டும்.* ரப்பர் தொப்பியை மாட்டுங்கள். மாட்டாவிட்டால் முனை தேய்வதோடு, 'டக் டக்' சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். கந்தமாதன பர்வதம் இராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம். மேடு சின்னதுதான். ஆனாலும் படி ஏறி இறங்கிப் பழக நல்ல இடம். மேலே ராமர் பாதம் இருப்பதால் கம்பைச் செருப்போடு கீழேயே விட்டுவிட்டுத் தரிசனத்துக்குப் போங்கள்.

ஊன்றக் கூடாத இடங்கள்

கரையில் விரித்துக் காயப் போட்டிருக்கும் வலை முதலாவது. நரம்பு வலை மணலின் நிறத்தோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. கம்பின் தட்டு அதில் மாட்டினால் நீங்கள் இழுக்க, கண்ணி அறுந்துவிடும். பொத்துவதற்கு ஒரு மனிதர் அரை நாள் உட்கார வேண்டும். படகுகளும் வலைகளும் கண்ணில் பட்டதும் கம்பைக் கையில் தூக்கிக்கொண்டு, ஆட்கள் நடந்த தடத்திலேயே போங்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாதீர்கள். இழுக்கிறவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். கருவாடு காயும் பாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அலை எட்டாத மேட்டு மணலில், டிராக்டர் டயர் தடம் மாதிரி ஒன்று கடலிலிருந்து வந்து திரும்பிப் போயிருந்தால் அங்கே கம்பால் கிளறிப் பார்க்காதீர்கள். வனத்துறைக்காரர்கள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள், சொன்னால் போதும். வெறும் மணலிலேயே முட்டையிடும் பறவைகளும் இந்தக் கரையில் உண்டு. தலைக்குமேல் ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமிட்டால் அது உங்களைத்தான் திட்டுகிறது. வந்த வழியே விலகுங்கள்.

காரங்காடு போன்ற அலையாத்திக் காடுகளில் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை வேர்கள். மரம் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். அங்கே நடக்கவும் வேண்டாம், ஊன்றவும் வேண்டாம். படகு விடுகிறார்கள், அதில் போய்ப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது, கம்பும் அப்படித்தான்.

நாய்கள் தனிக் கதை. குப்பத்து நாய்களுக்குக் கம்போடு வரும் புது ஆள் என்றால் ஆகாது. கம்பை ஓங்கினால் ஒரு நாய்க்குப் பதில் ஆறு நாய் வரும். இரண்டு கம்பையும் ஒன்றாகச் சேர்த்து, காலை ஒட்டித் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு நடையை மாற்றாமல் போங்கள். ஓடாதீர்கள். ஐப்பசி மாதத்து இடி வேறு விஷயம். திறந்த கடற்கரையில் நீங்கள்தான் உயரமான பொருள். முதல் உறுமலிலேயே கம்பைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். தனி மரத்தடி வேண்டாம், சவுக்குத் தோப்பும் வேண்டாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் நடைப் பழக்கமே இல்லாமல் இருப்பவர்கள்கூட அமாவாசைக்குச் சதுரகிரி கிளம்பிவிடுவார்கள். ஊரோ பாய் விரித்த மாதிரி தட்டை. ஏறுவதற்கு ஒரு குன்று கிடையாது. முதல் இறக்கத்தையே சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறைப் பாறைகளில்தான் முழங்கால் பார்க்கிறது. ஏறும்போது எல்லோருக்கும் பக்தி தெம்பு தரும்; இறங்கும்போதுதான் கால் நடுங்கும்.

நான் கம்பைச் சிபாரிசு செய்வது முக்கியமாக இவர்களுக்குத்தான். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரம் இரண்டு நாள் உதிர் மணலில் கம்போடு ஒரு மணி நேரம் நடங்கள். தோளும் கெண்டைக்காலும் பழகிவிடும். இறக்கத்துக்கு மாடிப்படிதான் வழி. கம்பைப் பத்து செ.மீ. நீட்டி, முதலில் இரண்டு கம்பையும் கீழ்ப்படியில் ஊன்றி, எடையை அதில் இறக்கி, பிறகு கால் வையுங்கள். கம்பு, கம்பு, கால், கால். ஆரம்பத்தில் சிரிப்பாக இருக்கும். பத்து நிமிடத்தில் தாளம் பிடித்துவிடும். முழங்காலைப் பூட்டாமல் லேசாக மடித்தே வைத்திருங்கள். பாறையில் முனை வழுக்கினால் ரப்பர் தொப்பி; பாசி பிடித்த ஈரக் கல்லில் எதுவும் நிற்காது, கையால் பிடித்து உட்கார்ந்து இறங்குவதில் வெட்கமில்லை.

முழங்காலில் வீக்கமோ பழைய அடியோ இருந்தால் கம்பு அதற்கு வைத்தியம் ஆகாது. முதலில் டாக்டர்.

உப்பும் மணலும்

நான் மாட்டிக்கொண்ட கதை இதுதான். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஆன்லைனில் திருகு பூட்டுக் கம்பு ஒரு ஜோடி வாங்கினேன். தனுஷ்கோடி போய் வந்த அன்று களைப்பில் அப்படியே சுருக்கி, காரின் டிக்கியில் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து எடுத்தால் ஒன்று நீளவே இல்லை. உள்ளே போன மணலும் உப்பும் அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்து இரண்டு குழாயையும் ஒன்றாக்கியிருந்தன. ஒருவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். சுடுதண்ணீர் ஊற்றினோம். தேங்காய் எண்ணெய் விட்டதுதான் பெரிய தப்பு; கழன்று வந்தபின் பூட்டு எண்ணெயில் வழுக்கிக்கொண்டே இருந்தது, அதற்குப் பிறகு இறுகவே இல்லை. விற்றவர்களிடம் கேட்டால் உப்புத்தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். அந்தக் கம்பு இப்போது மொட்டை மாடியில் பாகற்கொடியைத் தாங்குகிறது.

ஆகவே வீட்டுக்கு வந்தவுடன், நீங்கள் குளிப்பதற்கு முன், கம்பைக் குளிப்பாட்டுங்கள். துண்டு துண்டாக முழுவதும் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எங்கள் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். குடிதண்ணீர் ஒரு சொம்பு செலவழித்தால் தப்பில்லை. குழாய்களின் உள்பக்கம் ஊற்றிக் கவிழ்த்து, பூட்டை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீர்கள். வாரையும் அலசுங்கள், உப்பேறிய வார் அடுத்த நடையில் மணிக்கட்டை அறுக்கும்.

பிறகு துண்டுகளைச் சேர்க்காமல் நிழலில் சாத்தி வையுங்கள், ஒரு ராத்திரி. மறுநாள் காலை சொருகுவதற்கு முன் ரப்பர் தொப்பியைக் கழற்றித் தரையில் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எத்தனை முறை கழுவினாலும் ஒரு சிட்டிகை தனுஷ்கோடி மணல் அதற்குள் இருக்கும்.